குளிர்ந்த பக்கத்திலிருந்து சூடான பக்கத்துக்கு வெப்பத்தை ஓட்டும் ஒரு சமன்பாடு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முனைவர் பட்ட மாணவர் ஒருவர் இரண்டு மீக்கடத்தி கியூபிட்களுக்கு (குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளுக்கு) கணினியில் மாதிரி அமைக்கிறார். ஒன்றின் அதிர்வெண் 8 கிகாஹெர்ட்ஸ். அது 150 மில்லிகெல்வினில் இருக்கும் ஒரு வெப்பத் தேக்கத்தோடு, அதாவது வெப்பத்தைக் கொடுத்தும் வாங்கியும் தன் வெப்பநிலை மாறாத சூழலோடு, இணைந்திருக்கிறது. மற்றது 4 கிகாஹெர்ட்ஸ். அதன் தேக்கம் 100 மில்லிகெல்வின். நடுவே 50 மெகாஹெர்ட்ஸ் பிணைப்பு. ஒவ்வொரு கியூபிட்டுக்கும் தனித்தனியாக, பாடநூலில் இருக்கிறபடியே, லிண்ட்பிளாட் உறுப்புகளை, அதாவது சூழலால் வரும் இழப்பைச் சொல்லும் உறுப்புகளை, எழுதிச் சேர்த்திருக்கிறார். இழப்பு வீதம் 1 மெகாஹெர்ட்ஸ். நீண்ட நேரம் ஓடவிட்டுப் பார்த்தால், வெப்பம் 100 மில்லிகெல்வின் பக்கத்திலிருந்து 150 மில்லிகெல்வின் பக்கத்துக்கு ஓயாமல் போய்க்கொண்டிருக்கிறது. "மைக்ரோவேவ் உந்துதலை இன்னும் சேர்க்கவே இல்லை. நிரலில் தப்பா, என் புரிதலில் தப்பா?" என்று கேட்கிறார்.

நிரல் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் கொடுத்த சமன்பாட்டை அது ஒழுங்காகத் தீர்த்திருக்கிறது. ஆனால் அந்தச் சமன்பாடு நீங்கள் நினைத்த அமைப்பினுடையது இல்லை, வேறொரு அமைப்பினுடையது. அது எது என்று தெரிந்தால், அடுத்து உந்துதலைச் சேர்க்கும்போது வரப்போகிற பாதிச் சிக்கல்கள் இப்போதே தீர்ந்துவிடும்.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். 1 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணின் ஆற்றல் ஏறக்குறைய 48 மில்லிகெல்வினுக்குச் சமம். ஆக 8 கிகாஹெர்ட்ஸ் என்பது 384 மில்லிகெல்வின். அதை 150-ஆல் வகுத்தால் 2.56. 4 கிகாஹெர்ட்ஸ் 192 மில்லிகெல்வின்; 100-ஆல் வகுத்தால் 1.92. தன் தேக்கத்தோடு மட்டும் சமநிலைக்கு வந்தால் முதல் கியூபிட் மேல்நிலையில் இருக்கும் நிகழ்தகவு சுமார் 7 சதவீதம், இரண்டாவதுக்குச் சுமார் 13 சதவீதம். உங்கள் சமன்பாட்டில் பிணைப்பு செய்வது ஒன்றே ஒன்றுதான்: ஒரு கியூபிட்டின் கிளர்ச்சியை மற்றதற்கு மாற்றிவிடுகிறது. 13 சதவீதம் இருக்கும் இடத்திலிருந்து 7 சதவீதம் இருக்கும் இடத்துக்குத்தான் அது நிகரமாகப் பாயும். 13 சதவீதம் இருப்பதோ குளிர்ந்த பக்கம். எந்தப் பக்கம் சூடு என்பதை அந்தச் சமன்பாடு பார்க்கவே இல்லை. அதிர்வெண்ணை வெப்பநிலையால் வகுத்த ஈவை மட்டுமே பார்க்கிறது.

இன்னும் தெளிவாகப் பார்க்க வேண்டுமானால் இரண்டு தேக்கங்களையும் 100 மில்லிகெல்வினில் வையுங்கள். 8 கிகாஹெர்ட்ஸ் கியூபிட்டின் நிகழ்தகவு 2 சதவீதமாக இறங்கும், மற்றது 13-இலேயே நிற்கும். வெப்பநிலை வித்தியாசமே இல்லாதபோதும் வெப்பம் நிரந்தரமாக ஓடும். சமநிலையில் இருக்க வேண்டிய ஒன்று சமநிலைக்கே வராது. புதிதாக யார் மாதிரி எழுதினாலும் நான் முதலில் செய்யச் சொல்லும் சோதனை இதுதான்: எல்லா வெப்பநிலைகளையும் சமமாக்கு, உந்துதலை நிறுத்து, ஓட்டம் நிற்கிறதா பார்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. 2014-இல் லெவி, கோஸ்லாஃப் இருவரும் இரண்டு அலையியற்றிகளை வைத்து, தேக்கங்களின் உறுப்புகளை இப்படித் தனித்தனியாக எழுதினால் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி மீறப்படலாம் என்று காட்டினார்கள். அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே தூக்கிவாரிப் போட்டது. அதுவரை பலரையும் போல நானும் "லிண்ட்பிளாட் வடிவத்தில் இருக்கிறது, அதனால் சரி" என்றே நம்பியிருந்தேன்.

அந்த வடிவம் எதற்கு உத்தரவாதம் தருகிறது என்பதை இங்கே பிரித்துப் பார்க்க வேண்டும். 1976-இல் இரண்டு கட்டுரைகள் வந்தன. ஒன்று ஸ்வீடனைச் சேர்ந்த லிண்ட்பிளாட் எழுதியது. இன்னொன்று கோரினி, கோசகோவ்ஸ்கி, சுதர்சன் மூவரும் சேர்ந்து எழுதியது. சுதர்சன் கோட்டயம் பக்கத்தில் பிறந்து சென்னை கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1980களில் சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தார். 1976-க்கு 15 ஆண்டுகள் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் கற்பித்த பி. எம். மேத்யூஸ், ஜெயசீதா ராவ் ஆகியோரோடு சேர்ந்து, அடர்த்தி அணியை (குவாண்டம் அமைப்பின் நிலையை நிகழ்தகவுகளோடு சேர்த்துக் குறிக்கும் அணியை) இன்னொரு அடர்த்தி அணியாகவே மாற்றும் விதிகள் எப்படி இருக்க வேண்டும் என்று அவர் ஆராய்ந்திருந்தார். இன்று உலகம் முழுக்க லிண்ட்பிளாட் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். நம் ஊர் மாணவர்களாவது சுதர்சன் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ஆசை.

சரி, அந்த வடிவம் தரும் உறுதி என்ன? நிகழ்தகவுகள் எதிர்ம எண்ணாகப் போகாது, அவற்றின் கூடுதல் 1-ஆகவே இருக்கும். அவ்வளவுதான். வெப்பம் எந்தத் திசையில் போக வேண்டும் என்பதைப் பற்றி அந்த வடிவம் எதுவும் பேசாது. வெப்பத்தின் திசை சரியாக வர வேண்டுமானால், அமைப்பின் முழு ஹாமில்டோனியனையும் (மொத்த ஆற்றலைக் குறிக்கும் இயக்கியையும்) தேக்கத்தையும் சேர்த்து வைத்து, அவற்றிலிருந்து இழப்பு உறுப்புகளை வருவிக்க வேண்டும். மெலிந்த பிணைப்புக்கு இதை 1974-இல் டேவிஸ் கணிதக் கறாரோடு செய்துகாட்டினார்.

உங்கள் அமைப்பில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? பிணைப்பைச் சேர்த்து ஹாமில்டோனியனின் ஐகன் நிலைகளை, அதாவது திட்டமான ஆற்றல் கொண்ட நிலைகளை, கண்டுபிடியுங்கள். 8 கிகாஹெர்ட்ஸ் கிளர்ச்சி இப்போது முதல் கியூபிட்டில் மட்டும் இருப்பதில்லை. அதன் மெல்லிய வால் ஒன்று இரண்டாவது கியூபிட்டிலும் படிந்திருக்கிறது. வீச்சில் 50-ஐ 4000-ஆல் வகுத்த அளவு, அதாவது 0.0125, நிகழ்தகவில் 10,000-இல் ஒன்றரைப் பங்கு. அந்த வால் வழியாகக் குளிர்ந்த தேக்கமும் 8 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் ஆற்றலை எடுக்கும், கொடுக்கும். ஆக 8 கிகாஹெர்ட்ஸில் இரண்டு தேக்கங்களும் ஒரே அதிர்வெண்ணில் மோதுகின்றன. அங்கே 150 மில்லிகெல்வின்தான் ஜெயிக்கும். 4 கிகாஹெர்ட்ஸிலும் அப்படியே. வெப்பம் சூட்டிலிருந்து குளிருக்குப் போகிறது, மிகக் கொஞ்சமாக. வெப்பநிலைகள் சமமானால் நின்றுவிடுகிறது.

எழுதும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனியுங்கள். இரண்டு கியூபிட்களுக்கு நான்கு நிலைகள்: அடிநிலை, ஒரு கிளர்ச்சி இரண்டு கியூபிட்களிலும் கலந்திருக்கும் இரண்டு கலப்பு நிலைகள், உச்சநிலை. அடிநிலையிலிருந்து மேல் கலப்பு நிலைக்குத் தாவுவதும், கீழ்க் கலப்பு நிலையிலிருந்து உச்சநிலைக்குத் தாவுவதும் ஒரே அதிர்வெண் கொண்டவை. அவற்றை இரண்டு தனித் தாவல்களாக எழுதக் கூடாது. ஒரே தாவல் உறுப்புக்குள் சேர்க்க வேண்டும். இதைத் தவறவிட்டுவிட்டு வாரக்கணக்கில் தேடியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது உங்கள் பழைய சமன்பாட்டுக்குத் திரும்புவோம். அதில் 4 கிகாஹெர்ட்ஸ் ஆற்றல் துளி ஒன்று குளிர்ந்த தேக்கத்திலிருந்து கிளம்பி, 8 கிகாஹெர்ட்ஸ் துளியாகச் சூடான தேக்கத்தில் போய் விழுகிறது. நடுவில் இருக்கும் 4 கிகாஹெர்ட்ஸ் வித்தியாசத்தை யார் கொடுத்தது? நிலையான பிணைப்பால் கொடுக்க முடியாது. ஆனால் அந்தப் பிணைப்பையே 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வெளியிலிருந்து ஆட்டினால் கொடுக்க முடியும். மீக்கடத்திச் சுற்றுகளில் காந்தப் பாயத்தை மாற்றிப் பிணைப்பை இப்படி ஆட்டுவது பழகிப்போன உத்திதான். அப்படி ஆட்டி, இரண்டு கியூபிட்களையும் அவற்றின் சொந்த அதிர்வெண்ணில் சுழலும் சட்டகத்தில் (அவற்றோடு கூடவே சுழலும் நோக்குநிலையில்) போய்ப் பார்த்தால், நேரத்தைச் சார்ந்த பகுதி மறைந்துவிடும். எஞ்சுவது, தனித்தனி இழப்பு உறுப்புகளும் கிளர்ச்சியை இடம் மாற்றும் ஒரு பிணைப்பும் கொண்ட சமன்பாடு. இழப்பு உறுப்புகள் எழுத்துக்கு எழுத்து நீங்கள் எழுதியவையே!

அதாவது நீங்கள் உங்களை அறியாமல் ஒரு குவாண்டம் குளிர்சாதனப் பெட்டிக்கு உரிய உறுப்புகளை எழுதியிருக்கிறீர்கள். உந்துதல் வேலையைக் கொடுக்கிறது, குளிர்ந்த பக்கத்திலிருந்து வெப்பம் இறைக்கப்படுகிறது. 4 எடுத்தால் 4 வேலை செலவு, 8 போய்ச் சேருகிறது. எடுத்த வெப்பத்தைச் செலவான வேலையால் வகுத்த செயல்திறன் கெழு 1. இந்த வெப்பநிலைகளுக்குக் இரண்டாம் விதி அனுமதிக்கும் உச்சமான கார்னோ எல்லை, குளிர்ந்த வெப்பநிலையான 100-ஐ வித்தியாசமான 50-ஆல் வகுத்தால் வரும் 2. 1 என்பது 2-க்குள் அடங்கியிருக்கிறது, விதி எதுவும் மீறப்படவில்லை. 1959-இல் ஸ்கோவில், ஷூல்ஸ்-டுபாய் இருவரும் மூன்று நிலை மேசரை (லேசரின் மைக்ரோவேவ் வடிவத்தை) வெப்ப எந்திரமாகப் பார்த்துச் சொன்ன அதே கணக்குதான் இது.

எனக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும். ஒரே இழப்பு உறுப்பு, உந்தப்படாத அமைப்பில் தவறு, உந்தப்படும் அமைப்பில் சரி. இழப்பு என்பது கியூபிட்டின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் மாதிரி இல்லை, எங்கே எடுத்துப்போனாலும் கூடவே வர. ஹாமில்டோனியன் மாறினால், உந்துதல் வந்தால், தேக்கம் பார்க்கும் அதிர்வெண்கள் மாறுகின்றன. உறுப்புகளும் மாற வேண்டும். 2018-இல் டி கியாராவும் கூட்டாளிகளும் இதே புதிருக்கு இன்னொரு வழியில் விடை சொன்னார்கள். தேக்கத்தை, ஒவ்வொன்றாக வந்து மோதிவிட்டுப் போகும் சிறு துகள்களாகப் பார்த்தால், அவற்றைச் சேர்த்துப் பிரிப்பதற்கு ஒரு வேலை செலவாகிறது. அதையும் கணக்கில் வைத்தால் தனித்தனி உறுப்புகளும் இரண்டாம் விதிக்கு உட்பட்டே நடக்கின்றன.

"அப்படியானால் எப்போதும் ஐகன் நிலைகளை வைத்தே எழுதிவிடலாமா?" என்று அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. இரண்டு கியூபிட்களும் ஒரே அதிர்வெண்ணில் இருந்து, பிணைப்பு 0.1 மெகாஹெர்ட்ஸ், இழப்பு 1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐகன் நிலைகள் பிரிந்து தெரிவதற்குள் இழப்பு வந்து எல்லாவற்றையும் கலைத்துவிடும். இங்கே அந்த முறை சொல்லும் பதில் அபத்தமானது: பிணைப்பைப் பூஜ்யத்தை நோக்கிக் குறைத்துக்கொண்டே போனாலும் வெப்ப ஓட்டம் குறையாமல் நிற்கும். கிட்டத்தட்ட தொட்டுக்கொள்ளாத இரண்டு கியூபிட்களுக்கு நடுவே வெப்பம் எப்படிப் போகும்? இந்த இடத்தில் தனித்தனி உறுப்புகளே மேல். ஐகன் இடைவெளி இழப்பு வீதத்தைவிடப் பல மடங்கு பெரிதா சிறிதா என்பதுதான் தீர்ப்பு. உங்கள் அமைப்பில் இடைவெளி 4000 மெகாஹெர்ட்ஸ், இழப்பு 1, சந்தேகமே வேண்டாம். இரண்டும் அருகருகே இருக்கும் நடுப்பகுதிக்கு ரெட்ஃபீல்டு சமன்பாட்டை (தேக்கத்திலிருந்து வருவித்து, லிண்ட்பிளாட் வடிவத்துக்குள் அடக்காமல் விட்டதை) நேராகப் பயன்படுத்தலாம். சில நேரம் நிகழ்தகவு சற்றே எதிர்மமாகப் போகும். அதைத் தவிர்க்க 2020-இல் நாதனும் ரட்னரும் தந்த பொதுவான லிண்ட்பிளாட் வடிவம் இருக்கிறது. நான் பெரும்பாலும் ரெட்ஃபீல்டிலேயே தொடங்குகிறேன். எதிர்மம் தலைகாட்டினால் அதுவே ஓர் எச்சரிக்கை மணி. பிணைப்பு மெலிந்தது என்ற அனுமானம் ஆட்டம் காண்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

இனி நீங்கள் சேர்க்கப்போகிற மைக்ரோவேவ் உந்துதல். ஒத்ததிர்வில் உந்தப்படும் கியூபிட்டின் புதிய நிலைகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளிதான் ராபி அதிர்வெண். அதை 20 மெகாஹெர்ட்ஸ் என்று வைப்போம். அப்போது கியூபிட் 8000 மெகாஹெர்ட்ஸில் மட்டும் சூழலைப் பார்ப்பதில்லை; 7980, 8020 இரண்டிலும் பார்க்கிறது. சூழலின் இரைச்சல் அந்த 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் சமமாக இருந்தால் பழைய இழப்பு உறுப்பையே வைத்துக்கொள்ளலாம், பிசகு வராது. பலரும் அப்படியே செய்து சரியான விடை பெறுவதற்கு இதுதான் காரணம். ஆனால் பக்கத்தில் கூர்மையான ஒத்ததிர்வி (குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மட்டும் வலுவாக அதிரும் சுற்று) ஒன்றோ, சில்லில் இருக்கும் குறைபாடு ஒன்றோ இருந்தால் 7980-க்கும் 8020-க்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம்.

கட்டம் சிதைதல், அதாவது கியூபிட்டின் இரண்டு நிலைகளுக்கு இடையிலான கட்டத் தொடர்பு குலைவது, இதைவிட மோசம். உந்தாமல் விட்ட கியூபிட்டின் கட்டம் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்று பார்க்கும் ராம்சே பரிசோதனையில் அளந்த சிதைவு நேரத்தை அப்படியே உந்தப்படும் கியூபிட்டின் சமன்பாட்டில் போடுகிறார்கள். ராம்சே அளவீடு பார்ப்பது பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மெதுவான இரைச்சலை. மீக்கடத்திச் சுற்றுகளில் அது அதிர்வெண் குறையக் குறைய ஏறிக்கொண்டே போகும். உந்தப்படும் கியூபிட்டுக்கோ 20 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் இரைச்சல்தான் முக்கியம். அது பல மடங்கு குறைவு. முதல் எண்ணை இரண்டாவது இடத்தில் போட்டால், உண்மையில் இல்லாத சிதைவைக் கணினி காட்டும். மெதுவான இரைச்சலுக்கு லிண்ட்பிளாட் உறுப்பே போடாமல், கியூபிட் அதிர்வெண்ணைச் சற்றுச் சற்று மாற்றிப் பலமுறை ஓட்டிச் சராசரி எடுப்பது எவ்வளவோ மேல்.

உந்துதல் இன்னும் வலுத்தால் சுழலும் சட்டகமும் கைகொடுக்காது. ஃப்ளோகே முறைக்குப் போக வேண்டும். கருத்து எளிது. உந்துதல் சீரான கால இடைவெளியில் திரும்பத் திரும்ப வருவதால், ஒவ்வொரு தாவலிலும் உந்துதலிலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எத்தனை துளிகளையும் கடன் வாங்கலாம், திருப்பிக் கொடுக்கலாம். தாவல் வீதம் இந்த எல்லா வழிகளின் கூட்டுத்தொகை. ஒவ்வொரு வழியும் தனியாகத் தேக்கத்தின் வெப்பநிலைக்குக் கட்டுப்பட்டதுதான். ஆனால் கூட்டுத்தொகை கட்டுப்படாது. அதனால் நிலைத்த நிலையில் வெப்பச் சமநிலைக்கு உரிய போல்ட்ஸ்மன் பரவல் வராது. தேக்கம் பூஜ்ய வெப்பநிலையிலேயே இருந்தாலும் கியூபிட் கிளர்வுறும். உந்துதலிடம் ஒரு துளி வாங்கி, ஒரு பகுதியைத் தேக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மீதியோடு மேலே ஏறிக்கொள்ளும். இந்த நிலையில் "கியூபிட்டின் வெப்பநிலை என்ன" என்ற கேள்விக்கே பொருள் தேய்ந்துவிடுகிறது.

ஆய்வகத்திலிருந்து ஓர் உதாரணம்: கியூபிட்டை வாசிக்க ஒத்ததிர்வியில் ஃபோட்டான்களைச் செலுத்துகிறோம். ஃபோட்டான் கூடினால் வாசிப்பு தெளிவாக வேண்டும். ஓர் அளவுக்கு மேல் போனால் கியூபிட் தன் இரண்டு நிலைகளை விட்டே வெளியேறி மேல்நிலைகளுக்குப் போய்விடுகிறது. 2016-இல் சாங்கும் கூட்டாளிகளும் இதை அளந்து, வேகமாகச் சுழல்வதாக நினைத்து நாம் தூக்கிப்போடும் உறுப்புகள்தான் காரணம் என்று காட்டினார்கள். இரண்டு நிலைகளை மட்டும் வைத்து எழுதிய எந்த லிண்ட்பிளாட் சமன்பாட்டாலும் இதைக் காட்ட முடியாது. ஆகவே டிரான்ஸ்மானை (பரவலாகப் பயன்படும் மீக்கடத்தி கியூபிட் வகையை) இரண்டு நிலை அமைப்பாக வெட்டாதீர்கள். உந்துதல் வலுவாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு நிலைகளையாவது வையுங்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் விடை மாறுகிறதா என்றும் பாருங்கள்.

தேக்கத்தின் நினைவையும் மறக்கக் கூடாது. வெப்பத் தேக்கம் ஒன்றின் நினைவு நேரம் குறைந்தபட்சம் வெப்பநிலை தீர்மானிக்கும் அளவில் இருக்கும்: அறை வெப்பநிலையில் 25 ஃபெம்டோநொடி, உங்கள் 100 மில்லிகெல்வினில் ஏறக்குறைய 0.08 நானோநொடி, 20 மில்லிகெல்வினில் கிட்டத்தட்ட 0.4 நானோநொடி. குளிரக் குளிர நினைவு நீள்கிறது. உங்கள் இழப்பு நேரம் அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் என்பதால் நினைவற்ற சமன்பாடு போதும். ஒளிச்சேர்க்கைப் புரதங்களில் அப்படி இல்லை; அங்கே தேக்கத்தின் நினைவும் ஆற்றல் பரிமாற்றமும் ஒரே காலஅளவில் நடக்கின்றன. அங்கே 1989-இல் தனிமுராவும் குபோவும் தந்த படிநிலைச் சமன்பாடுகள்தான் நம்பகமானவை. விலை அதிகம்: தேக்கத்தின் நினைவை 4 அடுக்குக்குறிச் சார்புகளாக உடைத்து 6 படி ஆழம் போனால் 210 அணிகள், இரண்டு தேக்கங்கள் என்றால் 3003 அணிகள்.

கணினி நினைவகம் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பிறகு சங்கிலியை நீட்டுவீர்கள். 10 கியூபிட்களுக்கு அடர்த்தி அணி 16 மெகாபைட் அளவில் அடங்கிவிடும். அந்த அணியின் மேல் செயல்பட்டு அதை மாற்றும் பெரிய அணியான மேல் இயக்கியை முழுசாக எழுதினால் 17 டெராபைட்டுக்கு மேல். நிலைத்த நிலையை நேராகத் தீர்க்கப் போய் பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. 1992-இல் டாலிபார், காஸ்டான், மோல்மர் மூவரும் காட்டிய குவாண்டம் தாவல் முறையில் ஒரு நேரத்தில் ஓர் அலைச்சார்பை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். 10 கியூபிட்களுக்கு 16 கிலோபைட். சில நூறு முறை ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும், ஆனால் அவற்றை செயலியின் வெவ்வேறு கருவகங்களில் ஒரே நேரத்தில் ஓட்டலாம். க்யூடிப் (QuTiP) என்ற பைத்தான் நிரல் நூலகத்தில் இந்த முறையும், ரெட்ஃபீல்டும், ஃப்ளோகேயும், படிநிலைச் சமன்பாடுகளும் தயாராகவே இருக்கின்றன. ஒரே அமைப்பை இரண்டு முறையில் ஓட்டிப் பார்ப்பது ஒரு மாலை நேர வேலை.

இந்த வாரம் செய்யுங்கள்: உந்துதல் இல்லாமல், ஐகன் நிலைகளில் எழுதிய உறுப்புகளோடு, இரண்டு தேக்கங்களையும் 100 மில்லிகெல்வினில் வைத்து ஓட்டுங்கள், வெப்ப ஓட்டம் பூஜ்யமாக வேண்டும். அப்புறம் சூடான பக்கத்தை 150-க்கு ஏற்றுங்கள். ஓட்டம் குளிர்ந்த பக்கத்துக்குத் திரும்ப வேண்டும். அடுத்து பிணைப்பை 4 கிகாஹெர்ட்ஸில் ஆட்டுங்கள், உறுப்புகளைச் சுழலும் சட்டகத்தில் புதிதாக வருவித்த பிறகு. வீச்சு சிறிதாக இருக்கும்வரை, குளிர்ந்த பக்கம் இழக்கும் வெப்பமும் உந்துதல் கொடுக்கும் வேலையும் சமமாக வர வேண்டும். வீச்சைக் கூட்டக் கூட்ட அந்த விகிதம் 1-லிருந்து எப்படி நகர்கிறது என்று வரைந்து பாருங்கள். அது 2-ஐத் தாண்டினால் எங்கோ ஓர் அதிர்வெண்ணைத் தவறவிட்டிருக்கிறீர்கள். வரைபடத்தோடு எழுதுங்கள், சேர்ந்து தேடுவோம்.